காயிலக்கா கட்டிய மோட்டார்

அந்த ஒர்க்‌ஷாப்பில் அவளை எல்லோரும் காயிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பக்கம் நான்கு கார் நிற்கிற நீளமான கொட்டகை அது. பின்சுவரில் ஜன்னலை ஒட்டி அவளுடைய மேஜை. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, கருகின செப்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைக் காயிலாக, அதாவது சுருளாக, சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே மேஜைதான். சுற்று எண்ணிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, இடது கை மட்டும் உயரும். கொஞ்சம் பொறு என்று அர்த்தம்.

ஒர்க்‌ஷாப்பை நடத்தியவர் அவளுடைய அண்ணன். அவளைவிட ஒன்பது வயது மூத்தவர். தங்கை மேல் பாசம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவளுக்கு ஜுரம் என்றால் இவருக்குச் சோறு இறங்காது. ஆனால் ஒரு விஷயத்தில் பிடித்த பிடியை விடமாட்டார். மேஜைக்கு வருகிற மோட்டார் தங்கைக்கு, காருக்குள்ளே கை வைப்பது மெக்கானிக்குகளுக்கு. அவளோ மாலை வகுப்பில் இரண்டு வருஷம் வண்டி வயரிங் படித்து முதல் வகுப்பில் தேறியவள். அதைச் சொல்லும்போதெல்லாம், "உனக்கு எதுக்கும்மா அந்த அழுக்கு வேலை? நிழல்ல உட்கார்ந்து நிம்மதியா செய்" என்பார். கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப்போய்விட்டது.

இப்படி இருக்கையில்தான் நர்ஸம்மாவின் கார் வந்தது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றி, ஊசி போட்டுவிட்டு வருகிற அம்மா அவர். கார் இருபத்திரண்டு வயதுக் கிழம். ஆனாலும் அதை விற்கிற பேச்சை எடுத்தால் அவர் முகம் மாறிவிடும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற மின்விசிறி ஓடவில்லை என்றும், கூடவே முன்பக்கம் துருப்பிடித்திருப்பதைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துக் கொடுக்க வேண்டும் என்றும் சொல்லி விட்டுப் போனார். அந்தக் காருக்கு விசிறி மோட்டார் புதிதாகக் கிடைப்பதில்லை. காயிலக்கா பழையதையே பிரித்து, கம்பி சுற்றி, தேய்ந்த கார்பனை மாற்றி, ஓட்டிப் பார்த்துக் கொடுத்தாள். அதே வாரம் முன்பக்கமும் பளபளவென்று நீலமானது.

பத்து நாள் கழித்து நர்ஸம்மா போன் செய்தார். கார் நடுச் சந்தியில் கொதித்து நின்றுவிட்டது. கொண்டு வந்து பார்த்தார்கள். பேட்டரியிலிருந்து நேரடியாக இரண்டு வயர் கொடுத்தால் விசிறி ஜோராகச் சுற்றியது. பியூஸ் நன்றாக இருந்தது. சூடு ஏறினால் விசிறிக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே 'டிக்' என்றது. மோட்டார் வயரில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் விளக்கு எரிந்தது. ரேடியேட்டரில் இருக்கும் ஹீட் சுவிட்சைப் பெயருக்கு மாற்றி அனுப்பினார்கள். நான்கே நாளில் திரும்பி வந்தது. நேர் ரோட்டில் ஓடும்போது ஒன்றுமில்லை, காற்று வாங்கிக்கொண்டு போகும். நெரிசலில் மாட்டினால் சூடு காட்டுகிற முள் ஏறும், ஆவி கிளம்பும்.

மூன்றாவது தடவை வந்தபோது நர்ஸம்மா கோபப்படவில்லை. அதுதான் அண்ணனுக்குச் சங்கடமாக இருந்தது. "காலையில ஒருத்தருக்குக் கட்டு மாத்த முடியலை. அவங்க வீட்ல ஒன்பது மணியிலேருந்து காத்திருந்தாங்க" என்று மட்டும் சொன்னார்.

"வைண்டிங்தாம்மா சரியா அமையலை. வேற மோட்டார் எங்கயாவது தேடிப் போட்டுடறேன்" என்றார் அண்ணன்.

பின்னால் மேஜையில் இருந்தவளுக்கு அது தெளிவாகக் கேட்டது. கையிலிருந்த கம்பியை அப்படியே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"என் வைண்டிங்ல என்ன கோளாறு கண்டீங்க அண்ணே?"

"கோளாறுன்னு சொல்லலம்மா. சூடாச்சுன்னா மோட்டார் நின்னுடுதுல்ல?"

"அதைக் கழட்டி என் மேஜையில வைக்கச் சொல்லுங்க."

வைத்தார்கள். ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டினாள். மோட்டார் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னாள். அண்ணன் வைத்துப் பார்த்தார். இளஞ்சூடுதான். சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை.

"மேஜையில ஓடுது, சரி. வண்டியில ஓடலையே?" என்றார் அவர்.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதை அவளும் ஒப்புக்கொண்டாள். "அப்போ வண்டியிலயே பாத்துடறேன்" என்றாள்.

மெக்கானிக்குகள் இருவரும் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நர்ஸம்மா முந்திக்கொண்டார். "பாக்கட்டுமே. என் வண்டிதானே?"

காயிலக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தாள். மோட்டாரைப் பழையபடி பொருத்தச் சொல்லி, எஞ்சினை ஓடவிட்டாள். டெஸ்ட் லேம்பை அவள் தொடவேயில்லை. "விளக்கு எரிய துளி கரண்ட் போதும். விசிறி சுத்த நிறைய வேணும். இந்த விளக்குதான் உங்களை ஏமாத்தியிருக்கு" என்றாள் மெக்கானிக்கிடம். மீட்டரை எடுத்தாள். வண்டியின் சூட்டு முள் மெதுவாக மேலே ஏறியது. ரிலே 'டிக்' என்றது. விசிறி முனகிக்கொண்டே நாலு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது.

மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் மைனஸில் வைத்தாள். சிவப்பு முனையை மோட்டாருக்குள் கரண்ட் வருகிற வயரில் வைத்தாள். பன்னிரண்டு வோல்ட். குறை ஒன்றும் இல்லை. பிறகு அதே முனையை மோட்டாரிலிருந்து வெளியே போகிற எர்த் வயருக்கு மாற்றினாள். மீட்டர் கிட்டத்தட்ட பதினொன்று காட்டியது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். அதே பதினொன்று.

"இங்க பூஜ்யம் காட்டணும் அண்ணே. கரண்ட் உள்ள போகுது. வெளிய வரத்தான் வழியில்லை."

ஒரு துண்டு வயரை எடுத்து, மோட்டாரின் எர்த் வயரிலிருந்து நேராகப் பேட்டரி மைனஸுக்குப் பிடித்தாள். விசிறி 'குபீர்' என்று கிளம்பியது. நர்ஸம்மாவின் முந்தானை பறந்தது. வயரை எடுத்தாள், நின்றது. வைத்தாள், ஓடியது. மெக்கானிக்குகளில் ஒருவர் தன்னை மறந்து "அட!" என்றார்.

எஞ்சினை அணைத்துவிட்டு, அந்த எர்த் வயர் போகிற வழியை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஹெட்லைட்டுக்குப் பின்னால், முன்பக்கத் தகட்டில், ஒரு போல்ட்டில் போய் அது முடிந்தது. போல்ட் இறுக்கமாகத்தான் இருந்தது. கழற்றினாள். வயர் நுனியின் வளையம் உட்கார்ந்திருந்த இடத்தில் தகடு தெரியவில்லை. அழகான புது நீலப் பெயிண்ட், கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

ஒரே வாரத்தில் அந்தக் காருக்கு இரண்டு வேலை நடந்திருந்தது. எல்லோருக்கும் மோட்டார்தான் ஞாபகம் வந்தது, பெயிண்ட் வரவில்லை. வளையம் வெறும் தகட்டைத் தொட்டால்தான் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும், பெயிண்ட் அதைத் தடுத்துவிட்டது. போல்ட்டின் புரி வழியாக ஏதோ கொஞ்சம் கரண்ட் கசிந்து போயிருக்கிறது. அந்தக் கொஞ்சமும் சூடு ஏறினால் நின்றுவிடும். பெயிண்ட் அடித்தவர் வேறு யாருமில்லை, அண்ணனேதான். ஸ்பிரே துப்பாக்கியை அவர் வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார்.

காயிலக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நர்ஸம்மா பக்கத்திலேயே நிற்கிறார். தன் மேல் விழுந்த பழியை அந்த நிமிஷமே திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவளோ போல்ட்டை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுச் சற்று நகர்ந்து இடம் விட்டாள். அவ்வளவுதான்.

அவர் குனிந்து பார்த்தார்.  பிறகு அவரே உப்புத்தாள் எடுத்து, அந்த இடத்தை வெள்ளைத் தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்தார். நர்ஸம்மா பக்கம் திரும்பினார். குரல் கொட்டகை முழுவதும் கேட்டது.

"தப்பு என் பெயிண்ட்லம்மா. மோட்டார்ல எந்தத் தப்பும் இல்ல. இத்தனை நாளா நாங்க மூணு பேர் தேடினோம், கிடைக்கலை. என் தங்கச்சி அரை மணி நேரத்துல பிடிச்சுட்டா."

காயிலக்கா வளையத்தைச் சுத்தம் செய்து, போல்ட்டை முறுக்கி, துரு பிடிக்காமல் இருக்க மேலே கிரீஸ் தடவினாள்.  பிறகு எஞ்சினை நின்ற இடத்திலேயே நாற்பது நிமிஷம் ஓடவிட்டார்கள். முள் பாதியைத் தாண்டும், விசிறி கிளம்பும், முள் இறங்கும், விசிறி நிற்கும். நர்ஸம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, மாத்திரை கொடுத்த நோயாளியைக் கவனிப்பதுபோல முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது தடவை விசிறி கிளம்பியதும் எழுந்தார். "பிழைச்சுக்கிட்டான்" என்று சிரித்தார். காயிலக்காவின் கிரீஸ் கையைத் தயங்காமல் பிடித்துக் குலுக்கிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டில் புருஷனிடம் சொன்னபோது அவர் சோற்றில் கை வைத்தபடியே முழுவதையும் கேட்டார். தபால்காரர், ஊரெல்லாம் நடந்து பசியோடு வருகிறவர். அன்று தட்டு ஆறிப்போனது. "அந்தப் பதினொன்னு காட்டிச்சுன்னியே, அதை மறுபடி சொல்லு" என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் அவர் போன தெருக்களில் எல்லாம் கடிதத்தோடு இந்தக் கதையும் பட்டுவாடா ஆனது.

நர்ஸம்மாவும் சும்மா இருக்கவில்லை. அவர் கட்டு மாற்றப் போகும் வீடுகளிலிருந்து ஒவ்வொரு காராக வரத் தொடங்கியது. ஹாரன் அடிக்காதது, விளக்கு விட்டு விட்டு எரிவது, காலையில் ஸ்டார்ட் ஆகாதது. வந்து இறங்குகிறவர்கள் அண்ணனைத் தாண்டிப் பின்னால் எட்டிப் பார்த்து, "அந்தம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்கள். முதல் மாதம் அண்ணனுக்கு அது பழகச் சிரமமாக இருந்தது. இரண்டாவது மாதம் முன்பக்கத்தில் ஒரு காரின் இடத்தை முழுதாக அவளுக்கு ஒதுக்கி, மேலே தனியாக விளக்கும் போட்டுக் கொடுத்தார். அளவெடுத்து ஆணி அடித்தது அவரேதான்.

போன வாரம் ஒரு கல்லூரியிலிருந்து அவர்களுடைய ஏழு பஸ்ஸுக்கும் வயரிங் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டுப் போன் வந்தது. எடுத்தவர் அண்ணன். முன்பெல்லாம் எந்த வேலையானாலும் "பாத்துடலாம் சார், அனுப்பி வைங்க" என்று சட்டென்று சொல்லிவிடுகிற மனிதர். அன்று போனைக் கையால் பொத்திக்கொண்டு, லாரி ஒன்றின் பானட்டுக்குள் பாதி உடம்பு இருந்தவளைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்:

"ஏம்மா, ஏழு பஸ்ஸாம். எடுத்துக்கலாமா? நீ சொல்றதுதான்."