குட்டியானையில் ஒரு மறைப்பு

பதினோரு மணி நேரம். இந்த எண்ணை மறக்க வேண்டாம். போன பங்குனி உத்திரத்தன்று தேரிக்காட்டில் முத்துராணி ஒன்றுக்குப் போகாமல் அடக்கிக்கொண்டிருந்த நேரம் அது.

தேரி என்றால் செம்மணல் மேடு. கண்ணுக்கு எட்டிய தூரம் மணல், அங்கங்கே பனை. ஒரு பனைக்குப் பின்னால் ஒரு பெண் மறைய முடியாது. அவள் புகுந்த வீட்டுச் சாஸ்தா அங்கேதான் இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு முறை விக்கிரமசிங்கபுரத்திலிருந்து குடும்பமே கிளம்பி, ஏரல் தாண்டி, ரோடு முடிந்த பிறகும் மணலில் போய், இரண்டு ராத்திரி தங்கிவிட்டு வரும். ஆண்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டு வருவார்கள். பெண்கள் இருட்டும்வரை தண்ணீர் குடிக்க மாட்டார்கள். இதற்கு விரதம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் முத்துராணிக்குக் குளிர்காய்ச்சல். இன்னொரு தடவை இப்படி அடக்கினால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

முத்துராணிக்கு வயது நாற்பத்தேழு. பள்ளிக்கூடத்தை விட்ட அன்று மடியில் ஏறிய பீடித்தட்டு இன்னும் இறங்கவில்லை. பிராவிடண்ட் பண்டுக்காகக் கம்பெனி வாசலில் வெயிலில் உட்கார்ந்தவள். அங்கே கற்றது இவ்வளவுதான்: கேட்பது ஒன்றாக இருக்க வேண்டும், கிடைக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது.

புருஷன் கருத்தையாவுக்குச் சொந்தமாக ஒரு குட்டியானை. வாரம் முழுக்க வாழைத்தாரும் செங்கலும் ஏற்றும் வண்டி. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம். உத்திரத்தன்று அதற்கும் லீவு. இந்த வருஷம் வண்டியைத் தேரிக்கென்றே தயார் பண்ணுவது என்று கருத்தையாவும் தம்பி மாரிராஜும் முடிவெடுத்தார்கள். செல்போனில் எவனோ பாலைவனத்தில் வண்டியிலேயே குடித்தனம் நடத்துகிற வீடியோ பார்த்ததன் விளைவு.

வெல்டர் ஜெபஸ்டின் பட்டறையில் வேலை நடந்தது. மேலே தார்ப்பாய்க் கூரை. பக்கவாட்டில் மடக்குக் கட்டில் இரண்டு. தண்ணீர் டேங்க். பேட்டரியில் ஓடும் காற்றாடி. பாட்டுப் பெட்டி. சீட்டுக்கட்டு வைக்கத் தனி டிராயர். சாஸ்தாவுக்குக் காவல் நிற்கும் மாடனுக்கு வெட்டப்போகும் கிடாவுக்கு வெயில் படாத ஒரு தடுப்பு. முன்பக்கம் சாமிப் பெட்டிக்கு மஞ்சள் பூசிய பலகை.

முத்துராணி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள்.

“கிடா ஒதுங்க எடம் இருக்கு. நான் எங்கன ஒதுங்க?”

“வருசா வருசம் எங்கன ஒதுங்குனியோ அங்கனதான்” என்றார் கருத்தையா.

“அப்ப கிடாவக் கூட்டிட்டுப் போய்ப் பொங்கல் வையுங்க. நான் வரல.”

அந்த வீட்டில் சாஸ்தாவுக்கு மூத்த மருமகள்தான் பொங்கல் வைக்க வேண்டும். அவள் வைக்காவிட்டால் வேறு யாரும் அடுப்பில் கை வைக்கக் கூடாது. கருத்தையா மண்டையைச் சொறிந்தார். மாரிராஜ் சாமியாடி, அவனுக்குத்தான் கோபம் வந்தது.

“சாமிப் பெட்டி போற வண்டியில கக்கூசா மயினி? தீட்டு இல்லையா?”

“ஏன் கொழுந்தனாரே, நீங்க மட்டும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுத்தான வண்டியில ஏறுதிய? சாமி இறக்கி விட்டுட்டாராக்கும்?”

ஜெபஸ்டின் வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டான். தோள் குலுங்கியது.

“எனக்கு உங்க தீட்டுக் கணக்கு தெரியாது அண்ணாச்சி” என்றான். “பின்பக்க மூலையில எடம் கெடக்கு. சட்டம் அடிச்சு, ஓட்ட போட்ட சீட்டு வச்சு, கீழ வாளி வச்சிரலாம். போயிட்டு ஒரு கை மண்ணு போட்டா நாத்தம் வராது. தேரியில மண்ணுக்கா பஞ்சம்?”

“வாளியப் புதைக்கது யாரு?” என்றாள் முத்துராணி.

கருத்தையா குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார், மாரிராஜ் செல்போனை எடுத்தான்.

அடுத்த நாள் பொழுது சாய, சட்டத்தைச் சுற்றி நீலத் தார்ப்பாய் கட்டி முடித்ததும் வெள்ளோட்டம். முத்துராணி உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தாள். கருத்தையா பெருமையாக உள்ளே விளக்கைப் போட்டார். நீலத் தார்ப்பாயில் முத்துராணி கொண்டை முதல் முழங்கால் வரை பாவைக்கூத்து மாதிரித் தெரிந்தாள். எதிரே டீக்கடையில் கிளாஸ்கள் பாதியில் நின்றன.

“ஏங்க, அந்த எழவ அமத்துங்க!”

நீலத்துக்குப் பதில் கறுப்புத் தார்ப்பாய் வந்தது. விளக்கு மறைப்புக்கு வெளியே போனது.

உத்திரத்துக்கு முந்தின நாள் காலையில் கிளம்பினார்கள். ரோடு முடிந்த இடத்தில் டயர்க் காற்றைக் குறைத்து, மணலில் இறக்கினார் கருத்தையா. கோவிலுக்கு ஒரு கூப்பிடு தூரம் இருக்கையில் பின்சக்கரம் புதைந்தது. பனையோலை போட்டார்கள், சாக்கு போட்டார்கள். சக்கரம் சுற்றியது, வண்டி இன்னும் கீழே போனது.

“பின்னால பாரம். அந்தச் சட்டத்தக் கழத்தி இங்கன போட்டுருவோம். நாளைக்கி வந்து எடுத்துக்கிடலாம்” என்றான் மாரிராஜ். ஸ்பேனர் அவன் கையில் தயாராக இருந்தது.

நாளைக்கு யாரும் வந்து எடுக்கமாட்டார்கள் என்பது முத்துராணிக்குத் தெரியும். அவள் கறுப்புத் தார்ப்பாய்க்குள் போய் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“ஏளா, வெளிய வா. வெயில் ஏறுது” என்றார் கருத்தையா.

“எனக்கு உள்ள நெழலாத்தான் இருக்கு.”

“உன் கனம் வேற சேருதுல்லா?”

“கட்டில இறக்குங்க. காத்தாடி, பேட்டரி, பாட்டுப் பெட்டி எல்லாத்தையும் இறக்குங்க. நான் என்னைக்குமே கனந்தான்.”

மாரிராஜின் பெண்டாட்டி பிரேமலதாவும் மணலில் நின்றுகொண்டிருந்தாள். புருஷன் கையிலிருந்த ஸ்பேனரை ஒரு முறை பார்த்தாள். வண்டியில் ஏறினாள். “தள்ளி உக்காருக்கா” என்று தார்ப்பாய்க்குள் புகுந்தாள். ஒரு ஆள் உட்காரச் செய்த இடம் அது. இரண்டு பேரும் எப்படி உட்கார்ந்தார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

“நாங்க வெளிய வரணும்னா வாளி உங்க பொறுப்பு” என்று உள்ளேயிருந்து முத்துராணியின் குரல் வந்தது.

“யார் பொறுப்பு?”

“சாமியாடி பொறுப்பு. ஸ்பேனர் பிடிச்ச கைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாதாக்கும்?”

“லே, சரின்னு சொல்லித் தொலைலே. இவ எறங்காட்டா நாளைக்கிப் பொங்கல் யாரு வைப்பா?” என்றார் கருத்தையா.

மாரிராஜ் சரி என்றான். கட்டில்கள், காற்றாடி, பேட்டரி, பாட்டுப் பெட்டி எல்லாம் மணலில் இறங்கின. வாக்கு வாங்கிய பிறகு பெண்கள் இரண்டு பேரும் இறங்கி, ஆண்களோடு சேர்ந்து தள்ளினார்கள். வண்டி மேட்டில் ஏறியது. மறைப்பும் ஏறியது.

அன்று பகலில் முத்துராணி செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். மறுநாள் உத்திரம். விடியலில் பொங்கல் வைத்தாள்; நன்றாகப் பொங்கியது. சாஸ்தா தரப்பிலிருந்து ஆட்சேபணை எதுவும் வரவில்லை.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. அக்கம்பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த குடும்பங்களிலிருந்து ஒருத்தி தயங்கித் தயங்கி வந்து கேட்டாள். அடுத்து அவள் மாமியார் வந்தாள். பிறகு யாரும் தயங்கவில்லை. மாரிராஜ் சாமியாட இடுப்பில் கட்டிய சல்லடத்தை அவிழ்த்து வைத்துவிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் குழி வெட்டிக்கொண்டிருந்தான். காலி வாளியோடு திரும்பி வந்தவனுக்கு மூச்சு வாங்கியது.

“மயினி, இன்னும் எத்தன பேரு?”

முத்துராணி திரும்பி வரிசையை எண்ணினாள்.

நாற்பத்து மூன்று.