பீரங்கி இழுத்த லொறி

அந்த லொறியைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2009 சித்திரையில், லண்டன் மோர்டனில் நான் வேலை செய்த கராஜில் அது நின்றது. இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் இராணுவத்தின் போக்குவரத்துப் படை, விமான எதிர்ப்புப் பீரங்கியைக் கட்டி லண்டன் தெருக்களில் இழுத்துத் திரிந்த லொறி. கண்காட்சிக்குக் கொண்டுபோகப் பச்சைப் பெயின்ட் பூசியாகிவிட்டது, பிரேக்தான் பாக்கி. பழைய இரும்புக்கு அத்தனை சீராட்டு. என் தங்கச்சியோ பிள்ளைகளுடன் இலங்கையில், வன்னியில் பதுங்குகுழிக்குள் கிடந்தாள். மேலே குண்டு போடும் கிபிர் விமானங்கள். அவளைக் காப்பாற்ற எந்த லொறியும் வரவில்லை.

எங்கள் சனம் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தது. நானும் போக லீவு கேட்டேன். முதலாளியும் யாழ்ப்பாணத்தவர்தான், ஜெர்மனியிலிருந்து வந்தவர்.

"கத்தினா பிளேன் விழுந்திடுமோ? சனிக்கிழமை லொறி வெளிக்கிட வேணும். பேசாமல் வேலையைப் பாரும்."

ஸ்பானரை எடுத்துக்கொண்டு லொறிக்குக் கீழே போனேன்.

லொறிக்குச் சொந்தக்காரரான வெள்ளைக்காரக் கிழவர் தினமும் வந்து கதிரை போட்டு உட்காருவார். சின்ன வயதில், அந்த யுத்தத்தில், லண்டன் மீதான குண்டுவீச்சைக் கண்டவராம். இப்படியொரு லொறிதான் அவர் தெரு மூலைக்குப் பீரங்கியைக் கொண்டுவந்ததாம். ஓயாத பெருமை. குத்திக்காட்டத்தான் கேட்டேன், அந்தப் பீரங்கி எத்தனை விமானத்தை விழுத்தியது என்று.

ஒன்றையும் இல்லை என்றார், கூச்சமே இல்லாமல். முழங்கிய அதிர்வில் தன் வீட்டு ஓடுகளைத்தான் உடைத்ததாம். ஆனால் அது முழங்கிய இரவுகளில்தான் அவருடைய அம்மா நித்திரை கொண்டாராம். தங்களுக்காக யாரோ சத்தம் போடுகிறார்கள் என்பதே அம்மாவுக்குப் போதுமாக இருந்ததாம்.

அந்த அம்மாவுக்கு அதுவாவது கிடைத்ததே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த நாள் லொறிக்குக் கீழே கிடக்கையில் போன் அடித்தது. தங்கச்சி. யாரிடமோ கெஞ்சி வாங்கிய சற்றலைட் போன்.

"அண்ணை, லண்டனில எங்கடை சனம் ரோட்டில நிண்டு கத்துதாம், ரேடியோவில சொன்னவை. நீங்களும் நிக்கிறியளோ?"

"இல்லை. இப்ப போறன்."

"போங்கோ அண்ணை. மாமா எங்களுக்காகக் கத்துறார் எண்டு பிள்ளையளுக்குச் சொல்லுறன். அதுகள் பயப்பிடாமல் படுக்குங்கள்."

லைன் அறுந்தது. கழற்றிய சில்லை அப்படியே விட்டுவிட்டு எழும்பினேன்.

"இப்ப போனால் திரும்பி இந்தப் பக்கம் வரக்கூடாது!" முதலாளி பாய்ந்தார்.

"வரமாட்டன். லொறியை நீங்களே கட்டி அழுங்கோ."

பாராளுமன்றத்துக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்தினேன். எந்த விமானமும் விழவில்லை. அன்றிரவு பிள்ளைகள் நித்திரை கொண்டார்களா என்று தங்கச்சியிடம் கேட்கக் காத்திருந்தேன். அவளிடமிருந்து பிறகு போன் வரவேயில்லை.