டொக்டரிடம் மட்டும் சுகம்

என் கணவருக்குத் தடிமன் பிடித்து இரண்டு தும்மல் வந்தாலே போதும், சாகப்போகிறவர் போல வஸிய்யத்து, கடைசி விருப்பம் எல்லாம் சொல்லத் தொடங்கிவிடுவார். அப்படிப்பட்ட மனிதர் ஒரு மாதமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முனகினார். கல்முனைக்குடியில் இருக்கும் தன் புடவைக்கடை மாடிப்படியைக்கூட ஒரே மூச்சில் ஏற முடியவில்லை. கெஞ்சி, சண்டை பிடித்து, ஒருவழியாக ஒரு தனியார் டொக்டரிடம் கூட்டிப் போனேன்.

காத்திருந்த இடத்தில் பக்கத்துக் கதிரையில் நாவிதன்வெளி விவசாயி ஒருவர், முழங்கால் வலிக்காக வந்தவர். அவரிடம் எங்கள் ஹாஜியார், அதுதான் என் கணவர், ஒன்று விடாமல் கொட்டினார். படி ஏறினால் நெஞ்சு அமத்துவது, இடது தோளுக்கு இழுப்பது, சுபஹு தொழுகைக்கு விடிய எழும்பும்போது சட்டை நனைய வியர்ப்பது. அந்த மனிதர் பாவம், தன் முழங்காலையே மறந்துவிட்டார்.

எங்கள் முறை வந்தது. உள்ளே போனோம்.

“எப்படி இரிக்கீங்க ஹாஜியார்?” என்றார் டொக்டர்.

“அல்ஹம்துலில்லாஹ் டொக்டர், நல்ல சுகம்.”

“அப்ப என்னத்துக்கு வந்தீங்க?”

“சும்மா, கொஞ்சம் வாய்வு.”

யார் சுகம் விசாரித்தாலும் இறைவனைப் புகழ்ந்து பழகிய நாக்கு. அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் டொக்டர் என்ன சம்பந்தி வீட்டுக்காரரா, மரியாதைக்குச் சுகம் விசாரிக்க? இவருடைய நெஞ்சு அல்லாஹ்வுக்குத் தெரியும். டொக்டருக்குச் சொன்னால்தான் தெரியும்.

டொக்டர் வாய்வுக் குளிசை எழுதத் தொடங்கினார். நான் வாய் திறந்தேன்.

“நீ சும்மா இரி புள்ள” என்றார் இவர்.

“சும்மா இரிக்க ஏலாது” என்று டொக்டர் பக்கம் திரும்பினேன். “இவர் சொல்றதக் கேக்காதீங்க டொக்டர். ஒரு மாசமா மாடி ஏறக்குள்ள பாதியில நெஞ்சப் புடிச்சிக்கு நிக்காரு. நின்டா குறையுதாம், திரும்ப ஏறினா வருதாம். தோளுக்கும் இழுக்குது. இப்ப விடியக்குள்ளயும் வேர்க்குது.”

பேனை நின்றது. ஈசிஜி எடுத்தார்கள். அதைப் பார்த்ததும் டொக்டரின் முகம் மாறியது. உடனே அம்புலன்சுக்குச் சொன்னார்.

“இத ஏன் முதல்லயே சொல்லல்ல?” என்று இவரைக் கேட்டார்.

“நீங்க சுகந்தானே விசாரிச்சீங்க” என்றார் எங்கள் அறிவாளி.

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அம்புலன்ஸ் வந்துவிட்டதால் விட்டுவிட்டேன்.

இதயக் குழாயில் அடைப்பாம். பெரிய ஆஸ்பத்திரியில் சரிசெய்து அனுப்பினார்கள். வீடு திரும்பியதும் பார்க்க வந்த இவருடைய ராத்தா, தம்பியின் தலையைத் தடவிவிட்டு என்னைப் பார்த்தார்.

“டொக்டருக்கு முன்னால மாப்புளைய மறிச்சிக் கதைச்சியாமே? பொம்புளைக்கு அடக்கம் வேணும் புள்ள.”

ஓம், மறித்துத்தான் கதைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இதே ராத்தா என் அடக்கத்தைப் புகழ்ந்திருப்பார், கணவனை இழந்து நான் துக்கம் காத்து இத்தா இருக்கும் அறைக்குள் வந்து.