தண்ணீர் வராத சக்கரம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சின்னக்கானல் பக்கம் எஸ்டேட்டில் ஃபிட்டர் வேலை பார்த்தவன். மனைவி செல்வமேரி இறந்து இரண்டு வருடம், மகள் திருப்பூரில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் நான் மட்டும், சில நாள் சாயங்காலம் வரை வாயைத் திறக்கவே வேலை இருக்காது. அப்போதுதான் பழைய தேயிலை ஃபேக்டரியை வாங்கி ஹோட்டலாக்குகிறவர், அங்கே துருப்பிடித்துக் கிடந்த தண்ணீர்ச் சக்கரத்தை மறுபடி ஓட வைக்க முடியுமா என்று கேட்டார். கரண்ட் வருவதற்கு முன் ஃபேக்டரியையே ஓட்டியது அதுதான். மலையிலிருந்து வாய்க்காலில் வரும் தண்ணீர் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றியிருக்கும் தொட்டிகளில் உச்சியில் விழும், நிறைந்த தொட்டி பாரத்தில் கீழே இறங்கும், சக்கரம் சுற்றும், பெல்ட் வழியாக இலை உருட்டும் மெஷினும் சுற்றும். இரண்டு ஆள் உயரம்.

அன்று மதியம் சக்கரத்துக்குள்ளே ஏறி நின்று, ஒரு பக்கத் தொட்டிகளில் இறுகிக் கிடந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நகராமல் இருக்கக் கட்டை முட்டு கொடுத்திருந்தேன். வாய்க்கால் காய்ந்து எத்தனையோ வருடம். வெளியே ஒரே மூடுபனி.

"ஏங்க, எறங்கி வாங்க. காப்பி ஆறுது."

செல்வமேரியின் குரல். பழக்கதோஷம் பாருங்கள், யோசிக்கவே இல்லை, "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சுரண்டியை அங்கேயே போட்டு இறங்கினேன். கால் தரையில் பட்டதும் பின்னால் முட்டு முறிந்தது. அவ்வளவு பெரிய சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. சுரண்டி நசுங்கிப் போயிருந்தது.

ஒரு பக்க மண்ணை எடுத்ததால் மறுபக்கம் பாரம் இழுத்திருக்கும், அது என் தப்புதான். குரலும் மனசு செய்த வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார் ஓடி வந்தான். போடிக்காரன், அந்த வாரம்தான் வந்தவன், என் வீட்டு விஷயம் ஒன்றும் தெரியாது. எனக்கு அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தான், பிறகு சுற்றும் முற்றும் தேடினான்.

"அக்கா இப்பத்தான கூப்பிட்டாக, எங்கண்ணே போயிட்டாக?"

வீட்டுக்குப் போய்விட்டாள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

இப்போதும் பூப்பாறையில் எங்காவது பார்த்தால், அக்கா சுகமா என்று கேட்கிறான். சுகம்தான் என்கிறேன். அப்படிச் சொன்ன நாட்களில் மட்டும், திரும்பி வந்து என் வீட்டுப் பூட்டைத் திறக்கக் கை கொஞ்சம் தயங்குகிறது.