சும்மா திருப்பிய குமிழ்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் லொங்குய் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் பரிசோதகனாக இருந்தேன். வீடு ஆற்றுக்கு அக்கரையில், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில். இடையில் ஒரு பாலம். என் முப்பதுகளில் பாதியை அந்தப் பாலத்தில், கார் நகராமல், கழித்தேன். அப்போதுதான் வீடு வாங்கியிருந்ததால் வேலையை விடும் எண்ணம் வரவில்லை.

வேலை இதுதான். தொலைத்தொடர்பு ரேடியோக்களின் சுற்றுப்பலகைகளைச் சிக்னல் ஜெனரேட்டர் என்ற கருவியோடு பூட்டி, கூடியதும் குறைந்ததுமாகச் சிக்னல் கொடுத்துப் பார்க்கவேண்டும். அந்த அளவைக் கருவியின் குமிழைத் திருப்பி நான் மாற்றுவேன். உள்ளே ரிலே என்ற சின்ன மின்சுவிட்ச் ஒன்று 'டிக்' என்று விழும், திரையில் எண் மாறும். திருப்புகிறவன் தன் விரல்தான் ரிலேயை விழுத்தியது என்று நம்புவான். உண்மையில் குமிழுக்குப் பின்னால் இருப்பது ஓட்டைகள் வெட்டிய ஒரு சின்னத் தட்டு. அது சுற்றும்போது வெளிச்சம் விட்டுவிட்டு விழும். அந்தத் துடிப்புகளை ஒரு மின்னணுச் சில்லு எண்ணி, எந்த ரிலேயை விழுத்துவது என்று தானே முடிவெடுக்கும். குமிழ் வெறும் விண்ணப்பதாரர். அகதி விண்ணப்பம் போட்டு வந்த எனக்கு இந்த ஏற்பாடு விளங்கக் கஷ்டமாக இருக்கவில்லை.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பொடியன் எஞ்சினியராக வந்தான். கருவிகளின் முதுகில் கேபிள் பூட்டி, கணினியில் புரோகிராம் எழுதினான். அதன்பின் சில்லுக்குக் கட்டளை கணினியிலிருந்தே போனது. அப்படிப் போகும்போது கருவியின் முகத்தில் 'ரிமோட்' என்று ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது எரிகிற நேரத்தில் குமிழின் துடிப்புகளைச் சில்லு கணக்கிலேயே எடுக்காது. சுற்றுவதை மட்டும் தடுக்காது. என் வேலை பலகையை வைப்பது, எடுப்பது என்று சுருங்கியது.

அந்த நேரம் பார்த்துத் தொலைத்தொடர்பு வியாபாரம் படுத்துவிட்டது. எங்கள் பிரிவை வைத்திருப்பதா, வேறு நாட்டுக்கு மாற்றுவதா என்று பார்க்கத் தலைமையகத்திலிருந்து இருவர் வருவதாகச் சொன்னார்கள். எங்கள் மேலாளருக்கு ஒரு யோசனை பிறந்தது. எல்லாம் தானாக ஓடுவதைக் கண்டால், எங்கே கொண்டுபோனாலும் ஓடும் என்று நினைப்பார்கள். கைதேர்ந்த ஆள் தேவை என்று தெரிந்தால் விட்டுவைப்பார்கள். ஆகவே அவர்கள் பார்க்கும்போது நான் குமிழைத் திருப்பவேண்டும் என்று பிரெஞ்சில் சொன்னார். உண்மையாகவே கையால் செய்யலாமே என்றேன். அது மெதுவாக இருக்கும், வேகமும் தெரியவேண்டும் என்றார். முகத்தைச் சற்றுச் சுளித்தால் இன்னும் நல்லதாம்.

பொடியனிடம் போனேன்.

"தம்பி, நான் திருப்பினா உம்மட புரோகிராம் குழம்பாதோ?"

"ஒண்ணும் ஆகாதுண்ணா. ரிமோட்ல இருக்கும்போது அது உங்கள கண்டுக்கவே கண்டுக்காது. தைரியமா திருப்புங்க."

அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான்.

வந்தார்கள். ஒருவர் கோட் போட்ட மனிதர். மற்றவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், கையில் காப்பிக் கோப்பை. நான் திருப்பினேன், முகத்தைச் சுளித்தேன். ரிலேக்கள் தம் பாட்டில் விழுந்தன. சில நேரம் நான் திருப்ப முன்னரே விழுந்தன. அப்போது எதிர்பார்த்தவன் போலத் தலையாட்டினேன். கோட்காரர் மெச்சினார்.

அந்தப் பெண் மெச்சவில்லை. அவர் பார்வை என் விரலுக்குப் போனது, பிறகு திரைக்கு, பிறகு மஞ்சள் விளக்குக்கு. கருவிகளோடு பழகியவர் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அவர் கோப்பையை மேசையில், அந்த விளக்கு மறையும்படி வைத்தார். இதைப் பழக எவ்வளவு காலம் எடுத்தது என்று என்னைக் கேட்டார். வருடக்கணக்கில் என்றேன். தெரிகிறது என்றார்.

வீட்டுக்குப் போய், "வேலை தப்பிட்டுது போல கிடக்கு," என்றேன் மனைவியிடம்.

"என்ன செய்தனீங்கள்?"

"குமிழ் திருப்பினன்."

"அது நெடுகலும் செய்யிறதுதானே."

அடுத்த கிழமை பிரிவை மூடி வேறு நாட்டுக்கு மாற்றும் செய்தி வந்தது. அவர்கள் வருவதற்கு முன்பே முடிவு எடுத்தாகிவிட்டதாம், வந்தது வெறும் சம்பிரதாயத்துக்காம். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருந்ததாம். எனக்குக் கோபம் வந்தது, மற்ற எவர்மீதும் அல்ல, அவர்மீதுதான். பிறகெதற்கு அந்தக் கோப்பை? பாலத்தில் நின்றபடி பல நாள் இதையே யோசித்தேன். பார்த்துவா என்று அவரை அனுப்பியிருக்கிறார்கள். தான் பார்ப்பது எந்த முடிவையும் மாற்றாது என்று தெரிந்தும் வந்து பார்த்திருக்கிறார், கேள்வி கேட்டிருக்கிறார். அதற்குமேல் அவரோடு கோபிக்க முடியவில்லை.

கடைசி நாள் கருவிகளைப் பெட்டியில் அடைத்தோம். பொடியன் கடைசிக் கருவியின் முதுகுக் கேபிளைக் கழற்றினான். அவனுடைய புரோகிராமும் அந்த நாட்டுக்குப் போகிறது, அவன் போகவில்லை. நான் கருவியை நிறுத்தாமல், கட்டுப்பாட்டைக் குமிழுக்குத் திருப்பிக் கொடுக்கும் 'லோக்கல்' பொத்தானை அழுத்தினேன். மஞ்சள் விளக்கு அணைந்தது. குமிழைத் திருப்பினேன். டிக். எண் மாறியது. எந்தப் பலகையும் பூட்டியிருக்கவில்லை, அந்தச் சிக்னல் யாருக்கும் தேவையில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணா, பெட்டி ரெடி. ஆஃப் பண்ணிடலாமா?"

"ஓம் தம்பி, நிறுத்துவம்," என்று சொல்லிவிட்டு இன்னும் ஒருமுறை திருப்பினேன். அவன் பெட்டி ஒட்டும் டேப்பைக் கையில் வைத்தபடி காத்து நின்றான்.