கோலமாவில் வரைந்த கப்பல்

அந்தமான் தீவுகளுக்கிடையே ஆள் ஏற்றிச் செல்லும் ஒரு சிறு கப்பலில் என் மகன் இன்ஜின் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, கடலே இல்லாத திண்டுக்கல்லில் கப்பல் விவகாரத்துக்கு நான்தான் அதிகாரி. பெயரைத் தட்டினால் கப்பல் நிற்குமிடம், வேகம், நீளம், அகலம் எல்லாம் காட்டும் ஆப் ஒன்று என் செல்போனில் இருந்தது.

அவன் போனில் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைகளில்தான். மற்ற நாட்களில் அவன் கரை சேர்ந்தது தெரியாமல் என் மனைவி ராத்திரிச் சோற்றில் கை வைக்க மாட்டாள். ஆப்பில் கப்பலைக் காட்டும் அம்புக்குறியை நான் பார்த்து, "சேந்துட்டான்" என்று அறிவிக்க வேண்டும்.

"எம்புட்டுப் பெரிய கப்பலுங்க?" என்று ஒருநாள் கேட்டாள். முப்பத்தெட்டு மீட்டர் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். எதிர்வீட்டு பாயிடம் டேப் வாங்கி, அவளுடைய கோலமாவை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன். எங்கள் வாசலில் ஆரம்பித்த கப்பல், குடிதண்ணீர்க் குழாயைத் தாண்டித் தோல் கிடங்கு கேட்டில் போய் முட்டியது.

"என்னண்ணே, ரோடா சாக்கடையா?" என்றார் பாய்.

"கப்பல் பாய்."

"அப்ப செத்த ஓரமா நிப்பாட்டுங்க. என் வண்டி வெளிய வரணும்."

மனைவி முனைக்கு முனை நடந்து பார்த்தாள். "இம்புட்டு நீளமா! அப்ப அலை ஒண்ணும் செய்யாது." முகம் தெளிந்துவிட்டது.

இரண்டு மாதம் கப்பல் பொழுது சாயுமுன்னே கரை சேர்ந்தது. வேகமான கப்பல் என்று பாயிடம் பீற்றிக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் ஒருநாள் அவள் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பாள், கேப்டனின் போனிலிருந்து மகன் கூப்பிட்டான். "அப்பா, இங்க காத்து ஜாஸ்தி. கரைக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். அம்மாவச் சாப்பிடச் சொல்லுங்க."

"ஏலே, நீ மூணு மணிக்கே சேந்துட்டியேடா!"

"யாரு, நானா?"

கப்பலின் நீளம் கேட்டேன். இருபத்தொரு மீட்டராம். வரைபடத்தைச் சுருக்கிப் பார்த்தேன். நான் தினமும் கரை சேர்த்தது பிலிப்பைன்ஸ் பக்கம் ஓடும், அதே பெயருள்ள வேறு கப்பல். அம்புக்குறியை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்பவனுக்கு எந்தக் கடலும் நீலம்தான்.

சொன்னேன். அவள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுத் தூறலில் தெருவுக்குப் போய், குழாயடியில் நின்றாள்.

"இருபத்தொண்ணுன்னா இங்கனயே முடிஞ்சிருமா?"

"ஆமா."

அங்கிருந்து கிடங்கு கேட்டைப் பார்த்தாள். கோலமாவை மழை எப்போதோ கரைத்திருந்தது. அவன் மறுபடி கூப்பிட்டு, "கரைக்கு வந்துட்டேன்" என்று சொல்லும்வரை அவள் உள்ளே வரவில்லை. நானும்தான்.

தட்டின் முன் மறுபடி உட்கார்ந்தவள் கேட்டாள்: "அந்தக் கப்பலு?"

"எது?"

"ரெண்டு மாசமா பாத்தோமே, அது. பத்திரமாத்தான நிக்குது?"

"நிக்குது."

"அழிச்சிராதீங்க. அதுலயும் எவளோ பெத்த புள்ளைக இருக்கும்."

இப்போது என் செல்போனில் இரண்டு அம்புக்குறிகள். இரண்டும் நின்ற பிறகுதான் எங்கள் வீட்டில் சோறு. எவ்வளவு பசித்தாலும் நான் அவசரப்பட்டு அறிவிப்பதில்லை. நீளம் எத்தனை என்று கேட்பாள்.