பாடம் நடக்குது, கதையாதேங்கோ!

சூடேறிய தூசியின் மணம்... அதோடு இருபத்தைந்து பிள்ளைகளின் நனைந்த கோட்டு மணம்.

எண்பதுகளின் நடுப்பகுதி. டூட்டிங் என்ற இங்கிலிஷ் ஊரில் நான் படிப்பித்த நேசரி வகுப்பை நினைத்தால் முதலில் மூக்குக்கு வருவது இதுதான்.

பள்ளிக்கூடம் முழுவதுக்கும் ஒரே ஒரு ரீவி, போட்டால் தூசி சூடேறி மணக்கும். ஆளுயர இரும்புத் தாங்கி, அதற்கு நாலு சில்லு, அதில் ஒன்று உருளாது. பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி தொடங்கமுன் திரையில் ஒரு வட்டம் வரும். சுற்றியிருக்கும் கோடுகள் ஒவ்வொன்றாக மறையும். கடைசிக் கோடு போவதற்குள் ஒருத்தியைக் கழிவறையிலிருந்து கூட்டிவந்து, ஒருத்தனின் சப்பாத்து நாடாவைக் கட்டி, எல்லாரையும் பாயில் இருத்திவிட வேண்டும். தவறினால் தவறியதுதான். பதிந்து வைத்துப் போட எங்களிடம் வீடியோ இல்லை.

இன்றைக்கும் அந்த வட்டத்தை நினைத்தால் கால் பரபரக்கிறது...

ஆனால் அந்த வருடம் என்னை உண்மையாகவே நித்திரை கொள்ள விடாதவள் சுபா. நாலு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். இரண்டு ரேம், அதாவது இரண்டு தவணை, முடிந்தும் வகுப்பில் அவள் ஒரு சொல் பேசவில்லை. இங்கிலிஷில் இல்லை. நான் தமிழில் கேட்டாலும் இல்லை. திரையில் வாத்து வரும்போது மற்றப் பிள்ளைகள் "குவாக் குவாக்" என்று கூரை பறக்கக் கத்துவார்கள். இவள் கையைக் கட்டி, வாயை இறுக்கிக்கொண்டு இருப்பாள்.

வெள்ளிக்கிழமை அவளைப் பற்றி மீட்டிங். தூரத்திலிருந்த விசேட தேவைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு மாற்றும் யோசனை. "வீட்டில் நன்றாகக் கதைக்கிறாள்" என்று தாய் ராஜி சொன்னதைத் தலைமை ஆசிரியை நம்பவில்லை.

"எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் சொல்வார்கள். உங்கள் காதால் கேட்டீர்களா?"

கேட்கவில்லையே...

மீட்டிங்குக்கு முதல் நாள், வியாழன் மத்தியானம், காலை வகுப்பு முடிந்து சுபா வீட்டுக்குப் போனபின், சாப்பாட்டு இடைவேளையில் அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். கதவைத் திறந்த ராஜி உதட்டில் விரலை வைத்தார்.

முன்னறையில் சின்னப் பிள்ளைகளின் நிகழ்ச்சி போய்க்கொண்டிருந்தது. இரட்டைப் பின்னலும் தோய்த்த சட்டையுமாகச் சுபா சப்பாணி கட்டி இருந்தாள். முன்னால் கொப்பி, பென்சில். மூலையில் தகப்பன், தேத்தண்ணியை உறிஞ்சும் சத்தம்கூட வராமல் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் ராஜி குசுகுசுக்கிறீங்கள்?"

"நீங்கள்தானே ரீச்சர் சொன்னீங்கள், ரீவி போட்டு விட்டா இங்கிலிஷ் பிடிச்சிடுவாள் எண்டு. பாடம் முடியுமட்டும் இஞ்ச ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லை. இருமல் வந்தா இவர் குசினிக்குள்ள அடுப்படிக்குப் போய்த்தான் இருமுறவர்."

"பிள்ளையுமா?"

"ஓம்! பள்ளிக்கூடத்திலயும் இப்பிடித்தான் இருக்க வேணும், கதைச்சா ரீச்சர் கோவிப்பா எண்டு சொல்லி வச்சிருக்கிறன்." முகத்தில் அப்படி ஒரு பெருமை.

என் சொல்தான் அது. பள்ளிக்கூட வாசலில் நின்று, ஒரு கண்ணை மணிக்கூட்டில் வைத்துக்கொண்டு, அவசரத்தில் நான் சொன்ன அரை வசனம். பக்கத்தில் இருந்து அவளோடு கதையுங்கோ என்ற மற்றப் பாதியை நான் சொல்லவே இல்லை. அரை வசனத்தை அவர்கள் முழு விரதமாகப் பிடித்துவிட்டார்கள்.

சுபாவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். திரையில் ஒரு பெண் ஆப்பிள்களைக் காட்டி, எத்தனை என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"அஞ்சு!" என்றேன் உரக்க. "எனக்கொண்டு தாங்கோ, பசிக்குது!"

ராஜி திகைத்துப் போனார். சுபா திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ச்ச்! ரீச்சர், கதைக்கக் கூடாது. பாடம் நடக்குது."

திரும்பவும் ரீவியைப் பார்த்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை.

"அது அஞ்சில்லை... நாலு."

தகப்பனுக்குச் சிரிப்பில் தேத்தண்ணி புரையேறியது. எழும்பிக் குசினிக்கு ஓடப் பார்த்தார்.

"இஞ்சயே இருமுங்கோ தம்பி," என்றேன்.

போகமுன் மற்றப் பாதியையும் ராஜிக்குச் சொன்னேன். ரீவியில் வாழைப்பழம் வந்தால் உங்கள் வீட்டு வாழைப்பழத்தை எடுத்துக் காட்டுங்கோ. வாத்து வந்தால் பின்னேரம் பார்க்குக்குக் கூட்டிப்போய் வாத்துக் காட்டுங்கோ. தமிழிலேயே கேளுங்கோ.

"அப்ப பாடம், ரீச்சர்?"

"நீங்கள் கதைக்கிறதுதான் பாடம்."

மீட்டிங்கில் என் பிழையையும் மறைக்காமல் சொன்னேன். இன்னும் ஒரு ரேம் பார்க்கலாம் என்றார்கள். அந்த ரேமில் ஒரு நாள், வட்டத்தின் கடைசிக் கோடு மறைந்து வாத்து வந்தபோது, வகுப்பில் முதல் "குவாக்" சுபாவுடையது.

இப்போது என் வீட்டிலும் சுவரளவு ரீவி. வட்டம் இல்லை, கோடு இல்லை... நினைத்த நேரம் போடலாம், நிறுத்தலாம். எங்கும் ஓட வேண்டியதில்லை. ஆனாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. காலநிலை சொல்பவரோடு வாதாடுவேன். சமைத்துக் காட்டுபவருக்கு உப்புக் கூடிப்போச்சு என்பேன்.

"ச்ச், கதைக்கக் கூடாது" என்று சொல்லத்தான் வீட்டில் ஆள் இல்லை.